மதாம் சொன்னதாக அவர் சொன்னது

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாரிஸ் லா ஷப்பேலில் சிவத்தின் மளிகைக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். சிவம் யாழ்ப்பாணத்துக்காரர். எந்தச் சேதியானாலும் கல்லாவில் நின்றபடியே கடை முழுக்கக் கேட்கச் சொல்லிவிடுகிற மனிதர். அன்று கல்லாவை விட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அக்கா, உங்கட சொல்தா அண்ணை மோசம் போயிட்டாராம். காலமை, சென் தெனி ஆஸ்பத்திரியில. உங்கட வீட்டில ஒருத்தரும் ரெலிபோன் எடுக்கேல்லையாம். மரி அக்கா இஞ்சை எடுத்துச் சொன்னவ."

சாவுச் சேதி கேட்டும் நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. "ஞாயித்துக்கிழமை வரேன்னு சொன்னாரே, என்ன மனுஷன் இவரு!" என்று சிவத்திடமே சண்டைக்குப் போனேன். அவர் பாவம், என் கையிலிருந்த கறிவேப்பிலையை வாங்கிப் பையில் போட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு அழத் தெரிந்தது.

பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். லூர்துசாமி அண்ணன் அப்படி வந்தவர். பிறகு இங்கே ரயில்வே பார்சல் கிடங்கில் வேலை செய்தார். ரூ பஜோல் தெருவில் மூன்றாம் மாடியில் மனைவி மரி அக்காவோடு இருந்தார். லா ஷப்பேலில் அவரைத் தெரியாதவர் குறைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்பது பலருக்குச் சரியாகத் தெரியாது. "முப்பத்தோராம் நாளுக்கு எங்கட ஆக்கள் கல்வெட்டு எண்டு ஒரு நினைவுப் புத்தகம் அடிக்கிறவை. நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு அந்த வழக்கம் இல்லை. எண்டாலும் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ அக்கா, நான் அடிப்பிச்சுத் தாறன்" என்றார் சிவம். எனக்கு ஒரு பக்கத்தில் எதையும் சொல்லத் தெரியாது. அவரைத் தெரிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் தெரேஸ். தபால் இலாகாவில் தட்டச்சு வேலை. என் மேலதிகாரி சென் தெனிப் பக்கத்தில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்புக்குத் தலைவர். போட்டி முடிவுகளைத் தட்டச்சு செய்து கொடுக்க ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு, பாரிஸிலிருந்து இரண்டு மணி நேர தூரத்தில், ராணுவத்தின் மைதானத்தில் கிளப்புக்கு இடம் கொடுத்திருந்தார்கள். முந்நூறு மீட்டர் தூரம். படுத்துக்கொண்டு சுட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் பலகையின் நடுவில் உள்ள கறுப்பு வட்டம் கடுகளவுதான் தெரியும். முதல் வருஷம் நான் தட்டச்சு இயந்திரத்தோடு ஒரு கூடாரத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்து நடுங்குவதற்குப் படுத்துச் சுட்டாலாவது ஆகட்டும் என்று இரண்டாம் வருஷம் துப்பாக்கியைப் பிடித்தேன். கைக்கு வந்துவிட்டது. வீட்டில் திட்டினார்கள், அது வேறு கதை.

லூர்துசாமி அண்ணன் கிளப்பில் சேர்ந்த அன்று அங்கே நடந்த அலங்கோலத்தைச் சொல்ல வேண்டும். பலகைகளுக்கு அடியில் ஆழமான பள்ளம் உண்டு. குண்டு பட்டதும் பள்ளத்தில் இருப்பவர்கள் பலகையை இறக்கி, ஓட்டையைப் பார்த்து, அதன் மேல் காகிதம் ஒட்டி, திரும்ப ஏற்றி, நீளமான கழியால் எத்தனை புள்ளி என்று காட்டுவார்கள். நடுவில் பட்டால் பத்து, விலக விலகக் குறையும். இந்த வேலை யாருக்கும் பிடிக்காது. சேறு, குளிர், தலைக்கு மேல் குண்டு போகிற சத்தம். ஆகவே நன்றாகச் சுடுகிறவர்கள் யாரும் பள்ளத்தில் இறங்குவதில்லை. புதிதாக வந்தவர்களையே இறக்கிவிடுவார்கள். அவர்கள் சலிப்பில் தப்பும் தவறுமாகக் காட்டுவார்கள். மேலே சண்டை நடக்கும். ஒரு போட்டி முடிவதற்குள் இருட்டிவிடும்.

அன்று அண்ணன் எல்லாரையும் விட அதிகப் புள்ளி எடுத்தார். கைதட்டல் முடிவதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு பள்ளத்தை நோக்கி நடந்தார். தலைவர் பின்னாலேயே ஓடி, "நீங்கள் எதற்கு?" என்றார். "என் பலகைக்கு ரெண்டு மணி நேரம் ஒருத்தர் ஓட்டை ஒட்டினாரு. இப்ப அவரு சுடட்டும், நான் ஒட்டறேன்" என்றார் அண்ணன். அவர் இதைப் பிரெஞ்சில்தான் சொன்னார். ஆனால் அவர் பிரெஞ்சும் என் காதுக்குப் புதுச்சேரிப் பேச்சாகவே கேட்கும். அடுத்த மாதம், பள்ளத்தில் யார் இறங்குவது என்று தன் தொப்பியில் எல்லார் பெயரையும் சீட்டெழுதிப் போட்டுக் குலுக்கினார். முதல் சீட்டே தலைவருடையது! என் மேலதிகாரி காலணியெல்லாம் சேறாகப் பள்ளத்தில் குந்தியிருந்த காட்சியை நினைத்து ஒரு வாரம் ஆபீஸில் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தேன். அதற்குப் பிறகு எங்கள் போட்டிகள் பகல் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்தன. தப்பாகக் காட்டினார்கள் என்ற சண்டையும் நின்றுபோயிற்று.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கக் கிளப்பில் கொடிகூடக் கிடையாது. ஒரு ஞாயிறு அவர் பையிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாக நைலான் துணிகளை எடுத்து, நூறு மீட்டருக்கு ஒரு கம்பாக நட்டுக் கட்டினார். எங்கேயோ பார்த்த நிறமாக இருக்கிறதே என்று யோசித்தேன். மறுவாரம் பூசை முடிந்து வரும்போது மரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பார்த்தியா தெரேஸ் இந்த அநியாயத்தை! ஈஸ்டருக்கு எடுத்த புடவையைக் கிழிச்சுக் காத்துக்குக் கட்டிட்டு வந்திருக்காரு உங்க அண்ணன்." அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். படையில் எத்தனை பேருக்கு உத்தரவு போட்ட மனிதரோ, மரி அக்கா முன்னால் வாய் திறந்ததை நான் பார்த்ததில்லை.

அவர் கொண்டுவந்த வழக்கங்களில் எல்லாரும் மிகவும் வெறுத்தது ஒன்று உண்டு. சுட்டவுடன், பலகை இறங்கி ஏறுவதற்கு முன்பே, குண்டு எங்கே போயிற்று என்று சுட்டவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். விசையை இழுத்த நொடியில் கை அசைந்ததா, மூச்சு விட்டோமா என்பது சுட்டவருக்குத்தான் தெரியும். "பலகை சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. பலகை சொன்னப்புறம் யார் வேணும்னாலும் சொல்லலாம்" என்பார். முதலில் பாதிப் பேர் எரிச்சல்பட்டார்கள். நானும்தான். நான் பத்து என்று சொல்லி முடிப்பதற்குள் பலகை ஏழு என்று காட்டும். பக்கத்தில் உட்கார்ந்து அவர் நான் சொன்ன பத்தை அப்படியே எழுதிக்கொள்வார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ஆனால் ஆறு மாதத்தில் என் குண்டு எங்கே போகிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரிய ஆரம்பித்தது. கிளப் முழுக்கப் புள்ளிகள் ஏறின. நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது தமிழிலேயே சொல்லிக்கொள்வோம். "மேல வலது, எட்டு." "கீழ இடது, ஏழு." மற்றவர்கள் அதைக் கேட்டு நாங்கள் ஏதோ செபம் சொல்கிறோம் என்று கேலி செய்வார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது கிளப்பில் நடந்ததல்ல. சிவம் கடை திறந்த புதிது. இலங்கையில் கலவரம் நடந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு ஞாயிறு காலையில் அண்ணன் துப்பாக்கிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை வழியாக வந்தார், கூட நான். பெட்டியில் என்ன என்று சிவம் கேட்டார். சொன்னோம். சிவம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "அங்கை சுடுற சத்தத்துக்குப் பயந்து இஞ்சை ஓடி வந்தனாங்கள். நீங்கள் என்னெண்டால் விடியக் காலமை எழும்பிச் சுடப் போறியள்."

எனக்குச் சுருக்கென்றது. நான் ஏதோ பதில் சொல்லப் போனேன். அண்ணன் என் கையைத் தொட்டு நிறுத்தினார். அடுத்த மாதத்திலிருந்து அவர் அந்தத் தெரு வழியாகப் பெட்டியோடு வரவில்லை. ரயில் பாலத்தைச் சுற்றிக்கொண்டு, கால் மணி நேரம் கூடுதலாக நடந்து வருவார். குளிர்காலத்திலும் அப்படித்தான். சிவத்துக்கு இது தெரிய வந்தபோது மனம் பொறுக்கவில்லை. "அண்ணை, நான் பகிடிக்கெல்லே சொன்னனான்" என்றார். "தெரியும் சிவம். எனக்கும் நடந்தா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுக் கடைசிவரை சுற்றியே நடந்தார். சிவம் இதைப் படிக்கும்போது என்ன நினைப்பார் என்று தெரியவில்லை. அவர்தான் அச்சடிக்கிறார், ஆகவே முதலில் படிப்பவரும் அவர்தான்.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது எனக்கே தெரிகிறது.

ஒரு இலையுதிர்காலத்தில் மைதானத்து அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து வெளியாருக்கு மாதம் ஒரு ஞாயிறுதான் தர முடியும், அதுவும் அன்றைக்கு ஒரே ஒரு கிளப்புக்குத்தான் என்றார்கள். அதுவரை எங்களுக்கு ஒரு ஞாயிறும் இன்னொரு கிளப்புக்கு ஒரு ஞாயிறும் இருந்தன. இரண்டு தலைவர்களும் பேசி, இரு கிளப்புக்கும் ஒரு போட்டி வைப்போம், ஜெயித்தவர்களுக்கு ஞாயிறு என்று முடிவு செய்தார்கள். தோற்றால் எங்களுக்கு முந்நூறு மீட்டர் கிடையாது. அது இல்லாவிட்டால் கிளப் கலைந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரையும் விட அண்ணனுக்குத்தான் அது பெரிய அடி. போட்டிக்கு முதல் நாள் என்னிடம் சொன்னார்: "மாசம் பூரா மூட்டை தூக்கறேன் தெரேசம்மா. இந்த ஒரு நாளுக்குத்தான். இது போச்சுன்னா எனக்கு ஞாயித்துக்கிழமையே கிடையாது." அப்படிப் பேசுகிறவரே அல்ல அவர். எனக்கு என்னமோ செய்தது. எப்பாடுபட்டாவது ஜெயிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அணியில் கடைசியாகச் சுட வேண்டியவள் நான். அண்ணன் முன்பே சுட்டுமுடித்துவிட்டு, நோட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காற்று மாறி மாறி அடித்தது. மேகம் கறுத்திருந்தது. அடுத்த இடத்தில் எதிரணிக்காரர் ஒருவர் படுத்திருந்தார். கடைசிக் குண்டு. நான் விசையை இழுத்த அதே நேரத்தில் அவரும் சுட்டார். இழுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, தோள் நழுவிவிட்டது. "கீழ இடது, ஆறு" என்றேன். அண்ணன் எழுதினார்.

என் பலகை இறங்கியது. நெடுநேரம் ஏறவில்லை. பள்ளத்திலிருந்து தொலைபேசி வந்தது. என் பலகையில் இரண்டு ஓட்டைகள். ஒன்று நடுவில், சுத்தமான பத்து. இன்னொன்று கீழே இடது பக்கம், ஆறு. பக்கத்துக்காரர் பலகையில் ஓட்டையே இல்லை. அவசரத்தில் அவர் தன் பலகை என்று நினைத்து என் பலகையைச் சுட்டிருக்கிறார். முந்நூறு மீட்டரில் வரிசையாகப் பலகைகள் நிற்கும்போது பழகியவர்களுக்கும் இது நடக்கும். அவருக்கு அந்தக் குண்டு பூஜ்யம். எனக்கு? எந்த ஓட்டை யாருடையது என்று தெரியாவிட்டால், அதிகப் புள்ளி பலகைக்கு உரியவருக்கு என்பது அன்றைய போட்டியின் விதி. பத்து என்றால் எங்கள் அணி மூன்று புள்ளியில் ஜெயிக்கும். ஆறு என்றால் ஒரு புள்ளியில் தோற்கும்.

நடுவர் கையில் தாளோடும் பேனாவோடும் வந்தார். நல்ல மனிதர், வயதானவர். "மதாம், இரண்டில் எது உங்களுடையது என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நாள் முழுக்கப் பிரெஞ்சில் தட்டச்சு செய்கிறவள் நான். அந்த நேரத்தில் எனக்குப் பிரெஞ்சு மறந்துபோயிற்று! துப்பாக்கி வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். எல்லாரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். நான் தலையை நிமிர்த்தாமல், அண்ணனிடம் தமிழில் சொன்னேன்: "அண்ணே, பேசாம இருங்க. நோட்டை மூடுங்க."

அண்ணன் எழுந்து நின்றார். நடுவரைப் பார்த்து, நிதானமாக, பிரெஞ்சில் சொன்னார்: "ஆறுதான் தன்னுடையது என்று மதாம் சொல்கிறார்."

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

நடுவர் தொப்பியைக் கழற்றினார். எதிரணித் தலைவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார், அவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் ஆட்களும் கொஞ்ச நேரம் கழித்துக் கைதட்டினார்கள். மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வரும் வண்டியில் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டேன். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். உன் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தானே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று மனதுக்குள் அவரை ஒருமையில் திட்டிக்கொண்டே வந்தேன்.

மூன்று வாரம் கழித்து எதிரணியிலிருந்து கடிதம் வந்தது. அப்படி ஒரு நேர்மையான பெண்மணி இருக்கும் கிளப்பை மைதானத்தை விட்டு அனுப்பிவிட்டு அங்கே சுட எங்களுக்கு மனம் வரவில்லை, ஒரு மாதம் நீங்கள், ஒரு மாதம் நாங்கள் என்று வைத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். கிளப் பிழைத்தது. அந்தக் கடிதத்தைத் தலைவர் உரக்கப் படித்து முடித்ததும் எல்லாரும் கோப்பையை என் பக்கம் உயர்த்தினார்கள். அண்ணனும் உயர்த்தினார். அந்தக் கோப்பையை அவர் தலையில் போட்டு உடைக்கலாம் போல இருந்தது எனக்கு.

அன்று வெளியே வந்ததும் அவரைப் பிடித்து நிறுத்தினேன். "நான் சொன்னது ஒண்ணு, நீங்க அவர்கிட்ட சொன்னது ஒண்ணு. எதுக்கு அப்படிப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்கம்மா பொய் சொன்னேன்? ஆறுன்னு நீங்கதானே சொன்னீங்க. நோட்டுல இருக்குதே."

"அது பலகை ஏறறதுக்கு முன்னாடி!"

"அதைத்தான் நான் எடுத்துக்கிட்டேன். அப்புறம் சொன்னது பலகையைப் பார்த்துட்டுச் சொன்னது."

"நீங்க சொல்லலைன்னா நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன் அண்ணே."

"திறந்திருப்பீங்க. உங்களுக்குக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். அந்த ஆளு பேனாவும் கையுமா நிக்கிறாரு, மழை வேற வருது. அதான் நான் முந்திக்கிட்டேன்." இவ்வளவு சொல்லிவிட்டு மெத்ரோவுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மரி அக்காவிடம்கூடச் சொல்லவில்லை என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. கிளப்பில் புதிதாக யார் சேர்ந்தாலும் அவர்களுக்கு மதாம் தெரேஸின் கதையைச் சொல்லுவார்கள். அந்த நேரத்தில் அண்ணன் ஒரு மூலையில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் அவரைப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்க்க மாட்டார். புதியவர்கள் வந்து என் கையைக் குலுக்குவார்கள். நானும் குலுக்குவேன். எத்தனை தடவை குலுக்கினேன் என்று எனக்கே தெரியாது.

அவருடைய தொப்பியையும் நோட்டுகளையும் மரி அக்கா என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்றேன். அவரிடமிருந்து நான் ஏற்கெனவே ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். இந்த ஐந்து வருஷமாக எனக்கு இருக்கிற நல்ல பெயர் அவருடையது. அதைத் திருப்பிக் கொடுக்க அவர் உயிரோடு இருந்தபோது எத்தனையோ ஞாயிறுகள் இருந்தன, நான் கொடுக்கவில்லை. என்னைப் பற்றி அவர் நம்பிய ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். நான் வாயைத் திறப்பேன், கொஞ்சம் நேரமாகும் என்று நம்பினாரே, அதை.

இதைத் தமிழில் எழுதுவது எனக்குச் சுலபம். அன்று அங்கே நின்றவர்கள் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. வரும் ஞாயிறு போட்டி தொடங்குவதற்கு முன் இரண்டு கிளப்பும் அவருக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிற்கப் போகிறார்கள். பிறகு நான் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று தலைவர் கேட்டிருக்கிறார். அந்த நடுவரும் வருகிறார். அண்ணன் இல்லை. அன்று நான் தமிழில் சொன்னதை என்னுடைய பிரெஞ்சில் நான்தான் சொல்லியாக வேண்டும்.